திங்க்பேட் எக்ஸ்230-இல் சொந்த கான்ஃபிக் கெர்னல்: 6.1 முதல் 6.12 வரை ஓட்டிப் பார்த்ததில்

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடலாம். வேகம் கூடும் என்று எண்ணி லினக்ஸ் கெர்னலை (ஹார்டுவேரை இயக்கும் மையப் பகுதியை) சொந்தமாக பில்டு செய்ய, அதாவது சோர்ஸிலிருந்து கம்பைல் செய்ய வேண்டாம். டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு தரும் கெர்னலுக்கும், எக்ஸ்230 லேப்டாப்புக்கென்றே கான்ஃபிக்கை (கெர்னலில் எதெல்லாம் இருக்க வேண்டும் என்ற ஆப்ஷன் பட்டியலை) குறைத்த கெர்னலுக்கும் இடையில் பிரவுசரிலோ வீடியோவிலோ கம்பைல் நேரத்திலோ கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இல்லை. சும்மா இருக்கும்போது பவர்டாப் என்ற மின்செலவுக் கருவி காட்டும் வாட் கணக்கும் அப்படியேதான். டெஸ்க்டாப் கொஞ்சம் சட்டென்று பதில் சொல்ல வேண்டும் என்றால், அதற்கும் பில்டு தேவையில்லை: கெர்னல் 5.12 முதல் ப்ரீஎம்ப்ஷனை (ஓடும் வேலையை இடைநிறுத்தி வேறொன்றுக்கு வழிவிடும் முறையை) பூட் வரியிலேயே 'ப்ரீஎம்ப்ட்=ஃபுல்' என்று மாற்றிக்கொள்ளலாம்.

கிடைக்கும் லாபம் வேறு. பூட் பார்ட்டிஷனில் இடம் மிச்சம். ஒருபோதும் தொடாத நெட்வொர்க் புரோட்டோகால்களும் ஃபைல்சிஸ்டம்களும் மெஷினிலேயே இல்லாததால், அவற்றில் வரும் பாதுகாப்பு ஓட்டைகளுக்குப் பயப்பட வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பைசெக்ட். புதிய கெர்னலில் சஸ்பெண்ட் கெட்டுப்போனால் எந்த கமிட்டில் (கோடில் செய்த ஒரு மாற்றத்தில்) கெட்டது என்று தேட வேண்டும். ஒரு ரிலீசுக்கும் அடுத்ததற்கும் நடுவே பத்தாயிரத்துக்கு மேல் கமிட்கள் இருக்கும். பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டே போனால் சுமார் 14 பில்டு. டெபியனின் முழு கான்ஃபிக்கோடு இந்த இரண்டு கோர் மெஷினில் அதைச் செய்ய முடியாது. குறைத்த கான்ஃபிக்கோடு ஒரு வார இறுதியில் முடிந்துவிடும்.

மெஷின்: கோர் ஐ5-3320எம் (ஐவி பிரிட்ஜ், 2 கோர், 4 த்ரெட்), எச்டி 4000 கிராஃபிக்ஸ், க்யூஎம்77 சிப்செட், 8 ஜிபி ரேம், சாட்டா எஸ்எஸ்டி. நெட்வொர்க் இன்டெல் 82579எல்எம், வைஃபை இன்டெல் 6205, ஒலிக்கு ரியல்டெக் ஏஎல்சி269, எஸ்டி கார்டு ரீடர் ரிக்கோ. 2012-இன் மாடல் என்பதால் இதில் எதற்கும் புதிதாக டிரைவர் தேட வேண்டியதில்லை. கான்ஃபிக் கற்றுக்கொள்ள இதைவிடத் தோதான லேப்டாப் குறைவு.

எங்கிருந்து தொடங்குவது

வெறும் டெஃப்கான்ஃபிக்கிலிருந்து (கெர்னலோடு வரும் இயல்பு கான்ஃபிக்கிலிருந்து) ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு போவதை விட, டெபியனின் கான்ஃபிக்கை எடுத்துக் குறைப்பதே பாதுகாப்பு. சிஸ்டம்டி (பூட்டின்போது சேவைகளைத் தொடங்கும் புரோகிராம்) கேட்கும் சிகுரூப், டெவ்டிஎம்பிஎஃப்எஸ், ஆட்டோஎஃப்எஸ், டிஎம்பிஎஃப்எஸ்-இன் ஏசிஎல் ஆதரவு, டெபியன் இயல்பாகப் பயன்படுத்தும் ஆப்ஆர்மர் எல்லாம் ஏற்கெனவே சரியாக இருக்கும். பூட் டைரக்டரியில் இருக்கும் கான்ஃபிக் ஃபைலை சோர்ஸ் மரத்துக்குள் 'டாட் கான்ஃபிக்' என்ற பெயரில் வைத்து, 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' ஓட்டினால் போதும். 2.6.32 முதல் கெர்னலோடு வரும் வசதி இது. அந்த நேரத்தில் எல்எஸ்மாட் கட்டளையின் பட்டியலில் இருக்கும் மாட்யூல்களை (தேவைப்படும்போது ஏறும் கெர்னல் துண்டுகளை) மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லா மாட்யூல்களையும் அணைத்துவிடும். ஆயிரக்கணக்கில் இருந்தவை நூற்றுச் சொச்சமாகும்.

சிக்கலும் அங்கேதான். 'அந்த நேரத்தில்' ஏற்றப்பட்டிருந்தவை மட்டுமே மிஞ்சும். லேப்டாப்புக்குள் சாலிடர் செய்த சிப்கள் எங்கும் போய்விடாது. பாதிக்கப்படுவது வெளியிலிருந்து செருகுபவையும், எப்போதாவது ஓடும் சாஃப்ட்வேர் கேட்பவையும்தான். ஹார்டுவேருக்கு கான்ஃபிக் செய்கிறோம் என்று சொன்னாலும் வேலையில் பாதி இதைச் சமாளிப்பதற்கே போகும். முதல் மாதம் எல்லாம் நன்றாக இருக்கும். ஐந்தாம் மாதம் யாரோ ஒருவருடைய பென்டிரைவ் மவுண்ட் ஆகாது.

அதனால் லோக்கல்மாட்கான்ஃபிக் ஓட்டும் முன் வீட்டிலுள்ள எல்லாவற்றையும் ஒரு தடவை செருகி எடுக்க வேண்டும்: பென்டிரைவ், எஸ்டி கார்டு, வெளி ஹார்டு டிஸ்க், வெப்கேம், ப்ளூடூத் ஹெட்செட், மினி டிஸ்ப்ளேபோர்ட் வழியாக ஒரு டிவி. விபிஎன் ஓட்ட வேண்டும், கன்டெய்னர் ஒன்றைத் தொடங்க வேண்டும், என்கிரிப்ட் செய்த டிஸ்க்கைத் திறக்க வேண்டும். சோம்பலாக இருந்தால் மாட்ப்ரோப்ட்-டிபி என்ற சிறு கருவி உண்டு. சில வாரம் பின்னணியில் ஓடவிட்டால், ஏறிய மாட்யூல்களின் பெயரை எல்லாம் சேர்த்து வைக்கும். அந்தப் பட்டியலை 'எல்எஸ்மாட்=' என்று லோக்கல்மாட்கான்ஃபிக்கிடம் கொடுக்கலாம். சில வாரம் பொறுக்க முடிந்தவர்களுக்கு இதுவே சிறந்த வழி.

அப்படியும் விட்டுப்போகிறவை ஏறக்குறைய எப்போதும் இவைதான். ஃபோனை யுஎஸ்பியில் செருகி நெட் எடுக்க ஆர்என்டிஐஎஸ் ஹோஸ்ட், சிடிசி ஈதர். ஐஃபோன் என்றால் ஐபிஹெத். ஆர்டுயினோ போர்டுக்கு சிஎச்341, சிபி210எக்ஸ், எஃப்டிடிஐ. புது வகை வெளி டிஸ்க்குக்கு யுஏஎஸ். எக்ஸ்ஃபேட், விண்டோஸ்காரர்களின் டிஸ்க்குக்கு என்டிஎஃப்எஸ்3 (5.15 முதல்). ஆப்இமேஜுக்கு ஃப்யூஸ், ஸ்னாப்புக்கு ஸ்குவாஷ்எஃப்எஸ். விபிஎன்-க்கு டன்னும் வயர்கார்டும். கன்டெய்னர்கள் ஓட்டும் டாக்கருக்கு ஓவர்லேஎஃப்எஸ், வீத், பிரிட்ஜ், மாஸ்கரேட். மாஸ்கரேட் குறைந்தால் டாக்கர் தரும் பிழைச் செய்தி ஐபிடேபிள்ஸைக் (ஃபயர்வால் கருவியை) குற்றம் சொல்லுமே தவிர கெர்னலைச் சொல்லாது. இவை எல்லாவற்றையும் மாட்யூலாக வைத்தாலும் பில்டு நேரம் சில நிமிடம்தான் கூடும். இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்.

பென்டிரைவ் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் தவறான இடத்தில் தேடுகிறார்கள். யுஎஸ்பி ஸ்டோரேஜ் இருக்கிறது, விஃபேட் இருக்கிறது, இருந்தும் மவுண்ட் ஆகவில்லை. டிமெசேஜைப் (கெர்னலின் செய்திப் பதிவை) பார்த்தால் 'ஐஓ கேர்செட்' கிடைக்கவில்லை என்று இருக்கும். விஃபேட்டுக்கு எழுத்துத் தொகுப்பு மாட்யூல் இரண்டு வேண்டும்: கோட்பேஜ் 437, அதோடு கான்ஃபிக்கில் இயல்பாக எது குறிப்பிட்டிருக்கிறதோ அது. டெபியன் கான்ஃபிக்கில் அது ஆஸ்கி. கெர்னலின் சொந்த இயல்பு ஐஎஸ்ஓ 8859-1. யுஇஎஃப்ஐ-யில் பூட் செய்யும் மெஷினில் இஎஃப்ஐ பார்ட்டிஷனே விஃபேட் என்பதால் இவை ஏற்கெனவே ஏறியிருக்கும், தப்பித்துவிடும். பழைய பயாஸ் முறையில் பூட் செய்பவர்களுக்குத்தான் அடி.

உள்ளே வைப்பதா, மாட்யூலா

ஏஎச்சிஐ (சாட்டா டிரைவர்), எஸ்சிஎஸ்ஐ டிஸ்க், எக்ஸ்ட்4 (ரூட் ஃபைல்சிஸ்டம்) மூன்றையும் கெர்னலுக்குள்ளேயே வைத்தால் இனிட்ராம்எஃப்எஸ் (ரூட் டிஸ்க் கிடைக்கும் முன் ரேமில் ஏறும் தற்காலிக ஃபைல்சிஸ்டம்) இல்லாமலே பூட் ஆகும். செய்து பார்க்கலாம், ஆனால் நீண்டகாலத்துக்கு உபயோகமில்லை. ஐவி பிரிட்ஜ் மைக்ரோகோடை (சிபியுவின் உள் திருத்தங்களை) முன்கூட்டியே ஏற்ற, '06-3ஏ-09' ஃபைலைக் கெர்னலுக்குள் பொதிய வேண்டும். ரூட்டை யுயுஐடி வைத்துக் குறிப்பிட முடியாது, பார்ட்டிஷனின் அடையாள எண்ணான பார்ட்யுயுஐடி-தான் எடுபடும், ஏனென்றால் ஃபைல்சிஸ்டத்தின் யுயுஐடியைப் படித்துக் கண்டுபிடிப்பது இனிட்ராம்எஃப்எஸ்-இன் வேலை. டிஸ்க் என்கிரிப்ஷன் இருந்தால் கதை முடிந்தது. பூட் நேரம் குறைய வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால், இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸின் கான்ஃபிக்கில் 'மாட்யூல்ஸ்=மோஸ்ட்' என்பதை 'டெப்' என்று மாற்றினால் அதில் பெரும்பங்கு டெபியன் கெர்னலிலேயே கிடைத்துவிடும்.

வைஃபையைக் கட்டாயம் மாட்யூலாகவே வைக்க வேண்டும். உள்ளே வைத்தால், ரூட் மவுண்ட் ஆகும் முன்பே டிரைவர் தன் ஃபர்ம்வேரை (கார்டுக்குள் ஏற்ற வேண்டிய ஃபைலை) கேட்கும். டிஸ்க் இன்னும் இல்லை, பிழை எண் மைனஸ் 2, வைஃபை இல்லை. வைஃபையின் பொது அடுக்கான சிஎஃப்ஜி80211-க்கும் ரெகுலேட்டரி டேட்டாபேஸ் விஷயத்தில் இதே கதி. 6205 கார்டுக்கு வேண்டியது ஐடபிள்யூஎல்டிவிஎம் என்ற டிரைவர். எம்விஎம் என்பது 7260 தொடங்கி வந்த கார்டுகளுக்கு. மெனுவில் இரண்டும் அடுத்தடுத்து இருப்பதால் புதியதாகத் தெரிவதை வைத்துக்கொண்டு பழையதை அணைத்துவிடுவது நடக்கும் தப்பு. கிராஃபிக்ஸைப் பொறுத்தவரை இன்டெல் டிரைவரான ஐ915-ஐ உள்ளே வைப்பதில் இந்த மெஷினில் ஆபத்தில்லை, ஐவி பிரிட்ஜுக்கு ஃபர்ம்வேர் தேவையில்லை. ஸ்கைலேக்கிலோ அதற்குப் பிந்தைய லேப்டாப்பிலோ இதை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

திங்க்பேட் ஏசிபிஐ டிரைவரில் ஒரு நுணுக்கம்: அதை உள்ளேயும் ஒலியை மாட்யூலாகவும் வைத்தால், அதன் ஒலிக் கட்டுப்பாடு ஆப்ஷன் மெனுவிலிருந்தே காணாமல் போகும். இரண்டையும் மாட்யூலாக வைத்தால் வம்பில்லை. இந்த டிரைவரை விட்டுவிடவே கூடாது. பேட்டரி 80 சதவீதத்தில் நிற்கும்படி வரம்பு வைக்கும் வசதி 4.17 முதல் இதன் வழியாகத்தான் வருகிறது. பேட்டரியின் ஆயுள் பெருமளவு இதைப் பொறுத்தது.

'எக்ஸ்பர்ட்' என்ற ஸ்விட்சைத் தொடாதீர்கள். அதைப் போட்டால் ட்ராக்பாயிண்ட், சினாப்டிக்ஸ் டச்பேட் போன்றவற்றை அணைக்கும் வாய்ப்பு மெனுவில் முளைக்கும். மிச்சமாவது சில கிலோபைட், போவது சிவப்புப் பொத்தானின் (ட்ராக்பாயிண்ட்டின்) உணர்திறன், வேக அமைப்புகள்.

பில்டில் இடறுபவை

டெபியன் கான்ஃபிக்கை எடுத்து பில்டு செய்பவர்கள் முதலில் முட்டிக்கொள்வது சான்றிதழில். நம்பகச் சாவிகள் என்ற ஆப்ஷனில் டெபியனின் பெம் ஃபைல் ஒன்றின் பாதை இருக்கும், கெர்னலின் அதிகாரபூர்வ தளமான கெர்னல்.ஆர்க் தரும் சோர்ஸில் அந்த ஃபைல் கிடையாது, 'இந்த டார்கெட்டை உருவாக்க விதி இல்லை' என்று மேக் நின்றுவிடும். அந்த இடத்தைக் காலியாக்கினால் போதும்.

அடுத்தது டீபக் தகவல். கெர்னல் ஹேக்கிங் மெனுவில் டீபக் இன்ஃபர்மேஷனை 'இல்லை' என்று மாற்றாவிட்டால், முழு கான்ஃபிக்கில் பில்டு டைரக்டரி 20 ஜிபிக்கு மேல் வீங்கும். பிடிஎஃப் (கெர்னலின் டைப் தகவல்) இருந்தால் கடைசி லிங்க் கட்டத்தில் அதை உருவாக்கும் பஹோல் கருவி ரேமைத் தின்னும். 4 ஜிபி மெஷினில் பில்டு அங்கேதான் சாகும். பிபிஎஃப்ட்ரேஸ் மாதிரி கருவிகள் பயன்படுத்துபவர்கள் மட்டும் பிடிஎஃப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

டெபியனில் இன்ஸ்டால் செய்யும் டெப் பேக்கேஜுக்கு 'மேக் பின்டெப்-பிகேஜி'. ஃப்ளெக்ஸ், பைசன், பிசி, ஆர்சிங்க், டெப்ஹெல்பர், என்கர்ஸஸ், லிப்எல்ஃப், ஓப்பன்எஸ்எஸ்எல்-இன் டெவலப்மெண்ட் பேக்கேஜ்கள் முன்பே இருக்க வேண்டும். லோக்கல் வெர்ஷன் என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் வேறு பின்னொட்டு கொடுங்கள். அதே பெயரில் திரும்ப இன்ஸ்டால் செய்தால் ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் மாட்யூல்களையே மேலெழுதிவிடும். அடுத்து பென்டிரைவ் செருகினால் மாட்யூல் ஏறாது, காரணமும் சட்டென்று புரியாது.

ஜே4 (ஒரே நேரத்தில் நான்கு வேலை) போட்டு பில்டு செய்யும்போது எக்ஸ்230-இன் ஒற்றை விசிறி முழு வேகத்தில் ஓடும். விசிறியில் தூசி, தெர்மல் பேஸ்ட் காய்ந்த நிலை என்றால் கடிகார வேகம் விழுந்து நேரம் இழுக்கும். வீட்டில் வேறு டெஸ்க்டாப் இருந்தால் அதில் பில்டு செய்து டெப் ஃபைலைக் கொண்டுவரலாம். ஒரு எச்சரிக்கை: 6.16-இல் பில்டு செய்யும் மெஷினின் சிபியுவுக்கே ஏற்றபடி கம்பைல் செய்யும் 'நேட்டிவ்' ஆப்ஷன் வந்திருக்கிறது. புதிய டெஸ்க்டாப்பில் அதைப் போட்டால் பிஎம்ஐ2 போன்ற ஐவி பிரிட்ஜில் இல்லாத இன்ஸ்ட்ரக்‌ஷன்கள் கெர்னலுக்குள் போய்விடும். லேப்டாப் பூட் ஆகாது.

பூட் ஆகாதபோது

பேனிக் (கெர்னல் மேலே ஓட முடியாமல் நின்றுபோவது) செய்தியிலுள்ள எண்களைப் படித்தால் பாதி வேலை முடிந்தது. ரூட்டை மவுண்ட் செய்ய முடியவில்லை என்ற வரியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் 0,0 என்று இருந்தால் டிஸ்க்கே தெரியவில்லை: ஏஎச்சிஐ இல்லை, அல்லது இனிட்ராம்எஃப்எஸ் ஏறவில்லை, அல்லது ரூட்= பாதை தப்பு. 8,2 போல எண் இருந்தால் டிஸ்க் தெரிகிறது, ஃபைல்சிஸ்டம் டிரைவர்தான் இல்லை. திரை கறுப்பாகவே இருந்து டிஸ்க் விளக்கு மட்டும் மினுக்கினால் கெர்னல் ஓடுகிறது; ஃப்ரேம்பஃபர் கன்சோலும் டிஆர்எம்-இன் எஃப்பிடெவ் எமுலேஷனும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

புதிய கெர்னலைச் சோதிக்க, கெர்னலை ஏற்றும் க்ரப்பில் இயல்புநிலையை 'சேவ்டு' என்று வைத்து, க்ரப்-ரீபூட் கட்டளையால் ஒரே ஒரு முறைக்கு மட்டும் புதியதைத் தேர்ந்தெடுத்து, பூட் வரியில் 'பேனிக்=10' சேர்த்துவிடுங்கள். பேனிக் ஆனால் பத்து நொடியில் தானே ரீபூட் ஆகி பழைய கெர்னலுக்கு வந்துவிடும். டெபியனின் கெர்னலை எக்காரணம் கொண்டும் நீக்க வேண்டாம்.

வருடக்கணக்கில் வைத்திருக்க

6.1, 6.6, 6.12 என்று நீண்டகால ஆதரவுக் கிளைகளில் மட்டும் தாவுவது நிம்மதி. ஒரே கிளைக்குள் வரும் புள்ளி வெளியீடுகளுக்கு 'மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்' போதும், கேள்வி கேட்காமல் முடியும். கிளை மாறும்போது அதை நம்பக்கூடாது. ஆப்ஷனின் பெயர் மாறியிருந்தால் பழைய பெயரில் நாம் சொன்னது சத்தமில்லாமல் விழுந்துவிடும், புதிய பெயர் தன் இயல்பு மதிப்போடு வந்து உட்காரும். 6.9-இல் ரெட்போலின், பேஜ் டேபிள் ஐசொலேஷன் உள்ளிட்ட சிபியு பாதுகாப்பு ஆப்ஷன்கள் எல்லாம் 'மிட்டிகேஷன்' என்ற முன்னொட்டோடு பெயர் மாறின, 6.6-இலிருந்து 6.12-க்கு வந்தவர்கள் இதைக் கடந்துதான் வந்திருப்பார்கள். மெல்ட்டவுன் என்ற பாதுகாப்பு ஓட்டை பாதிக்கும் சிபியு இது என்பதால் இயல்பு மதிப்பு நமக்குச் சாதகமாக அமைந்தது. எல்லா ஆப்ஷனிலும் அப்படி அமையாது. முதலில் 'மேக் லிஸ்ட்நியூகான்ஃபிக்' ஓட்டிப் புதியவற்றைப் படித்து, மாற்றியபின் ஸ்கிரிப்ட்ஸ் டைரக்டரியிலுள்ள டிஃப்கான்ஃபிக்கால் பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்க அரைமணி நேரம் ஒதுக்குங்கள். 'மேக் சேவ்டெஃப்கான்ஃபிக்' தரும் சிறு ஃபைலை கிட் என்ற வெர்ஷன் கண்ட்ரோலில் போட்டு வைத்தால், எதை ஏன் மாற்றினோம் என்பது கமிட் செய்தியில் நிற்கும்.

செக்யூர் பூட் (கையெழுத்திட்ட கெர்னலை மட்டும் ஏற்கும் வசதி) போட்டிருந்தால் சொந்த கெர்னலுக்கு மோக் சாவியில் (மெஷின் உரிமையாளர் பதியும் சாவியில்) கையெழுத்திட வேண்டும், ஒவ்வொரு பில்டுக்கும். விர்ச்சுவல்பாக்ஸ் மாதிரி டிகேஎம்எஸ் மாட்யூல்களுக்குப் (கெர்னலுக்கு வெளியே தனியாக பில்டாகும் மாட்யூல்களுக்குப்) பின்டெப் தரும் ஹெடர்ஸ் பேக்கேஜையும் சேர்த்து இன்ஸ்டால் செய்யுங்கள். பாதுகாப்புத் திருத்தம் வந்தால் டெபியனின் பேக்கேஜ் கருவியான ஆப்ட் இனி சொல்லாது, கெர்னல்.ஆர்க்கின் புள்ளி வெளியீடுகளைக் கவனித்து நாம்தான் பில்டு செய்ய வேண்டும். மாதம் ஒரு முறையாவது அதற்கு நேரம் ஒதுக்க முடியாதவர்கள் டெபியன் கெர்னலையே ஓட்டிக்கொண்டு, குறைத்த கான்ஃபிக்கை பைசெக்டுக்கு மட்டும் வைத்துக்கொள்வது மேல்.