பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைக்க எந்தத் திரவம்?

ஐந்து ஆண்டுகள் கழற்றாமலேயே விட்டிருந்த என் மேசைக் கணினியின் பிராசசரைக் குளிர்விக்கும் கூலரை அண்மையில் எடுத்தபோது, அடியில் இருந்த தெர்மல் பேஸ்ட் (பிராசசரின் வெப்பத்தைக் கூலருக்குக் கடத்தும் பசை) காய்ந்த சுண்ணாம்புபோல் ஒட்டிக் கிடந்தது. வீட்டிலிருந்த சர்ஜிகல் ஸ்பிரிட், நெயில் பாலிஷ் ரிமூவர், மொபைல் பழுதுபார்ப்புச் சாமான்கள் விற்கும் கடையில் கிடைக்கும் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஆகிய மூன்றில் கடைசியானதையே தேர்ந்தெடுத்தேன்.

மூன்றுமே பேஸ்ட்டை இளக்கும். விலையிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால், திரவம் உலர்ந்த பிறகு அந்த இடத்தில் என்ன மிஞ்சுகிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பிராசசரின் மூடியும் கூலரின் உலோகப் பகுதியான ஹீட் சிங்கின் அடிப்பரப்பும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், அவற்றில் நுண்ணிய கீறல்களும் பள்ளங்களும் உண்டு. அவற்றில் நிற்கும் காற்றை வெளியேற்றி இடத்தை நிரப்புவதே புதிய பேஸ்ட்டின் வேலை. துடைத்த திரவம் அங்கே எண்ணெய்ப் படலத்தை விட்டுச் சென்றால், பேஸ்ட் உலோகத்தைத் தொடாமல் அந்தப் படலத்தைத்தான் தொடும். 99 சதவீத ஆல்கஹால் சில நிமிடங்களில் ஆவியாகி, ஏதும் மிஞ்சாமல் போய்விடுகிறது. 70 சதவீதக் கரைசலிலோ மீதி பெரும்பாலும் தண்ணீர். ஆல்கஹால் முந்திக்கொண்டு ஆவியாக, தண்ணீர் பிராசசர் பொருந்தும் சாக்கெட்டின் இடுக்கிலும் சிறு கெபாசிட்டர்களின் அடியிலும் தங்கி, தாமதமாகவே உலர்கிறது. சில சர்ஜிகல் ஸ்பிரிட்டுகளில் விளக்கெண்ணெயும் சேர்க்கப்படுவதால், லேபிளைப் படிக்காமல் அதைத் தொட வேண்டாம். சானிடைசரில் பெரும்பாலும் கிளிசரின் இருப்பதால் அதைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

நெயில் பாலிஷ் ரிமூவர்களில் பலவற்றுக்கு அடிப்படையான அசிட்டோன், காய்ந்த பேஸ்ட்டை ஆல்கஹாலைவிட வேகமாகக் கரைக்கும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எனினும் அது ஏபிஎஸ் போன்ற பிளாஸ்டிக்குகளையும் கரைத்துவிடும். கடையில் விற்கும் ரிமூவர்களில் வாசனைப் பொருளும் எண்ணெயும் கலந்திருப்பதுண்டு. தனியே கழற்றி வைத்த செம்பு அடிப்பரப்பு ஒன்றில் மட்டும் தூய அசிட்டோனை ஒருமுறை பயன்படுத்தினேன், கெடுதல் ஏதும் நேரவில்லை. அந்த ஒரே அனுபவத்தை வைத்துக்கொண்டு மதர்போர்டுக்கு அருகில் அதைக் கொண்டுபோகச் சொல்ல மாட்டேன்.

எந்தத் திரவமானாலும் அதைப் பஞ்சில் அல்லாமல் நார் உதிராத மைக்ரோஃபைபர் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டுமே தவிர, சிப்பின்மேல் ஊற்றக் கூடாது. ஏஎம்டி பிராசசர்களுக்கான ஏஎம்4 சாக்கெட் கொண்ட கணினியாக இருந்தால், அணைப்பதற்கு முன் சில நிமிடங்கள் ஓடவிட்டுப் பேஸ்ட்டைச் சூடாக்கி, கூலரை மெல்லத் திருகியபடி எடுப்பது நல்லது. நேராக இழுத்தால் பிராசசரும் கூடவே வந்து, அதன் 1331 பின்களில் சில வளைந்துவிடலாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் எளிதில் தீப்பற்றுவதால், இந்த வேலையைச் சமையலறையில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பேஸ்ட்டுக்குப் பதிலாக லிக்விட் மெட்டல் (திரவ உலோகம்) பூசிய கணினிக்கு மேற்சொன்ன எதுவும் பொருந்தாது: ஆல்கஹால் அதைக் கரைக்காது, மேலும் அந்த உலோகம் மின்சாரம் கடத்துவதால் துடைக்கும்போது சிதறும் ஒரு துளியே ஷார்ட் சர்க்யூட்டுக்குப் போதும். சாதாரணப் பேஸ்ட்டுக்கு 100 மில்லி ஆல்கஹால் புட்டியே பல முறைக்கு வரும். அதை இறுக மூடி வைக்க வேண்டும், ஏனெனில் திறந்து கிடந்தால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு அந்த 99 சதவீதம் குறைந்துவிடும்.