"பிரீமியம்ல சவுண்டே வேற" என்று சொல்லி மாடலிங் கிட்டார் விற்கிறார்களா? உஷார்

மாடலிங் எலக்ட்ரிக் கிட்டார், அதாவது பல கிட்டார்களின் சத்தத்தை டிஜிட்டலாகப் போலச் செய்து தரும் கிட்டார், வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள், பணத்தைக் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நம் வட்டத்தில் ஒருவர் நடுத்தர விலையில் ஒன்றைக் கேட்டுக் கடைக்குப் போனார். "அதுல மாடலிங் சுமார்தான் சார், பிரீமியம்ல சிப்பே வேற" என்று சொல்லி, மூன்று மடங்குக்கும் மேல் விலையுள்ள பதிப்பைத் தலையில் கட்டிவிட்டார்கள். அதையும் அதே வரிசையின் மலிவுப் பதிப்பையும் ஒரே கம்ப்யூட்டரில் மாற்றி மாற்றி இணைத்துப் பார்த்தபோது விஷயம் வெளிவந்தது. ஒரே ஃபர்ம்வேர் (உள்ளே ஓடும் மென்பொருள்), ஒரே மாடல் பட்டியல், ஒரே ட்யூனிங்குகள். திருப்பிக் கொடுக்கப் போனால் "கருவியில பழுது இல்லையே" என்றார்கள். சொல்லி விற்றது பொய் என்பதுதான் புகார் என்பது கடைசிவரை அவர்கள் காதில் ஏறவே இல்லை. போதாக்குறைக்கு மாடலிங் பக்கத்தில் இரண்டாவது ஸ்ட்ரிங் மட்டும் சன்னமாகக் கேட்டது. அதற்கு "செட்டப் பண்ணணும், தனி சார்ஜ்" என்று பதில்.

இந்த ஏமாற்று எடுபடுவதற்குக் காரணம், மாடலிங் கிட்டாரில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பது பலருக்குத் தெரியாததுதான். சாதாரண எலக்ட்ரிக் கிட்டாரில் மேக்னடிக் பிக்கப் மொத்த ஸ்ட்ரிங்குகளின் அதிர்வையும் ஒரே சிக்னலாக எடுத்துக்கொள்ளும். மாடலிங் கிட்டாரில் பிரிட்ஜின் ஒவ்வொரு சேடிலுக்குள்ளும் (ஸ்ட்ரிங் தங்கும் சிறு துண்டு) ஒரு பீசோ, அதாவது அதிர்வை மின் சிக்னலாக்கும் உணரி, இருக்கும். ஆறு ஸ்ட்ரிங், ஆறு தனி சிக்னல். உள்ளே இருக்கும் போர்டு அவற்றை டிஜிட்டலாக்கி, நீங்கள் தேர்ந்தெடுத்த கிட்டாரின் பிக்கப், அது இருக்கும் இடம், பாடியின் ஒத்ததிர்வு எல்லாவற்றையும் கணக்கிட்டு வெளியே அனுப்புகிறது. ட்யூனிங் மாற்றமும் அந்தப் போர்டின் வேலைதான். பாடி மகோகனியா ஆல்டரா என்பதைப் பார்த்து அந்தக் கணக்கு மாறாது. போர்டும் பீசோவும் ஒன்றாக இருந்தால் மாடல் குரலும் ஒன்றுதான்.

லைன் 6 நிறுவனத்தின் வேரியாக்ஸ் வரிசையைப் பார்த்தால் இது புரியும். 2002-03 வாக்கில் வந்த முதல் தலைமுறையில் 500, 700 என்று விலையில் வேறுபட்ட கிட்டார்கள் இருந்தன. மாறியவை மரமும் ஹார்ட்வேரும் ஃபினிஷும். உள்ளே ஓடிய மாடல்கள் ஒன்றே. 2010-இல் கிட்டார் தயாரிப்பாளர் ஜேம்ஸ் டைலர் வடிவமைப்பில் ஜேடிவி-59, 69, 89 வந்தன. கொரியத் தயாரிப்பு ஒரு விலை; கலிஃபோர்னியாவில் டைலர் பட்டறையில் செய்தது பல மடங்கு விலை. இரண்டிலும் மாடலிங் எலக்ட்ரானிக்ஸ் ஒன்றுதான். 2015-இல் யமஹாவுடன் சேர்ந்து வந்த விலை குறைந்த வேரியாக்ஸ் ஸ்டாண்டர்டிலும் ஜேடிவிக்கு உள்ள அதே எச்டி மாடல்கள்தான். நிறுவனம் இதை ஒளித்ததே இல்லை. கதை கட்டுவது விற்பவர்கள்தான்.

அப்படியென்றால் கூடுதல் விலை முழுக்க வீணா? இல்லை. மாடலிங் கிட்டார் தன்னைத் தானே ட்யூன் செய்துகொள்ளாது. டிராப் டி (ஆறாவது ஸ்ட்ரிங்கை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்கும் ட்யூனிங்) போட்டால் ஆறாவது ஸ்ட்ரிங்கைச் சரியாக இரண்டு அரைச்சுரம் இறக்கித் தரும், அவ்வளவுதான். அசல் ஸ்ட்ரிங் 5 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஐந்து பங்கு) இறங்கியிருந்தால் டிராப் டி-யும் 5 சென்ட் இறங்கியே கேட்கும். இன்டோனேஷன் (நெக் நெடுகச் சுரம் சரியாக நிற்பது) பிசகியிருந்தால் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் எல்லா மாடலும் ஒருசேரப் பிசகும். ஆகவே நல்ல ட்யூனர், ஸ்ட்ரிங் சிக்காத நட் (நெக்கின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங் தங்கும் பள்ளத் துண்டு), ஒழுங்காகச் சமன் செய்த ஃப்ரெட், கைக்கு இதமான நெக் இவையெல்லாம் மாடலிங் பக்கத்திலும் பலன் தரும். மேக்னடிக் பிக்கப்பும் உயர்ந்த பதிப்பில் நன்றாக இருக்கும். வாசிப்பில் பாதிக்கு மேல் மேக்னடிக்கில் போகிறதென்றால் பிரீமியத்தை யோசிக்கலாம். மாடலுக்காக மட்டும் வாங்குகிறீர்கள் என்றால் மலிவுப் பதிப்பை வாங்கி, மிச்சத்தில் நல்ல கைகாரரிடம் ஃப்ரெட் லெவலும் புது நட்டும் செய்துகொள்ளுங்கள். விலை வித்தியாசத்தில் இது சிறு பங்குகூட ஆகாது.

பிரீமியம் வாங்கினாலும் போகாத குறைகள் உண்டு. ஐந்தாறு அரைச்சுரம் இறக்கினால் கார்டு வாசிக்கும்போது சத்தம் நடுங்கும். பிக் படும் கணம் இரட்டிப்பது போலக் கேட்கும். சின்ன அறையில் ஆம்ப்பைக் குறைத்து வைத்து வாசித்தால், ஸ்பீக்கரில் டி வரும்போது கையில் இருக்கும் ஸ்ட்ரிங் ஈ-யாகவே காதில் விழும். இரண்டும் மோதி அபஸ்வரமாகும். இதைப் பழுது என்று எண்ணித் திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டு, பாவம். ஹெட்போனில் கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

இனி, கடையிலேயே செய்ய வேண்டிய சோதனைகள். செகண்ட் ஹேண்ட் என்றால் ஒன்றைக்கூட விடாதீர்கள். முதலில் பீசோ. புது ஸ்ட்ரிங் மாட்டச் சொல்லுங்கள். பழைய ஸ்ட்ரிங்கில் பீசோ சத்தம் மங்கலாகவே வரும். மாடலிங்கை ஆன் செய்து, ஆம்ப்பை கிளீனில் வைத்து, ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் ஃப்ரெட்டில் விரல் வைக்காமல் ஒரே அழுத்தத்தில் மீட்டுங்கள். பிறகு மேக்னடிக்கிலும் அதையே செய்யுங்கள். மேக்னடிக்கில் சரியாகவும் மாடலில் மட்டும் மெலிந்தும் கேட்கும் ஸ்ட்ரிங்கின் சேடிலில்தான் கோளாறு. சேடிலிலிருந்து போகும் மெல்லிய கம்பி அறுந்திருக்கலாம், வியர்வை உப்பு அரித்திருக்கலாம், சில சமயம் சேடில் சரியாக உட்காராமல் இருக்கலாம். கடைசியில் சொன்னது மட்டும்தான் செட்டப்பில் தீரும். மற்ற இரண்டுக்கும் சேடிலையே மாற்ற வேண்டும்.

இங்கே ஒரு தில்லுமுல்லு இருக்கிறது. வேரியாக்ஸுக்கான வொர்க்பெஞ்ச் மென்பொருளில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கின் சத்தத்தையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கலாம். செத்துக்கொண்டிருக்கும் சேடிலை இப்படிக் கூட்டி வைத்து விற்க முடியும். அதனால் ஃபேக்டரி அமைப்புக்குத் திருப்பிவிட்டு, அதன்பிறகே மேற்சொன்ன சோதனையைச் செய்யுங்கள்.

அடுத்தது கசிவு. ஒரு ஸ்ட்ரிங்கை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஐந்தையும் துணியால் அமுக்கி, ட்யூனிங்கை மாற்றி அந்த ஒன்றை மீட்டுங்கள். பின்னணியில் வேறு சுரத்தில் மெலிதாக ஒரு நிழல் கேட்கும். அதிர்வு பிரிட்ஜ் வழியாகப் பக்கத்துச் சேடிலுக்குத் தாவுவதால் வருவது அது. கொஞ்சம் இருப்பது இயல்பு. கார்டையே கெடுக்கும் அளவுக்கு இருந்தால் வேண்டாம். ட்ரெமோலோ பிரிட்ஜ் (கைப்பிடியால் சுரத்தை அசைக்கும் வகை) என்றால் பின்பக்க ஸ்பிரிங்குகளும் சேர்ந்து பாடும். அவற்றுக்குள் சிறு ஃபோம் துண்டு செருகினாலே பாதி அடங்கும்.

பேட்டரி விஷயத்தில் முதல் தலைமுறை வேரியாக்ஸில் மேக்னடிக் பிக்கப்பே கிடையாது. மின்சாரம் போனால் மௌனம்தான். ஜேடிவி வந்ததிலிருந்து லித்தியம் பேட்டரி, முழு சார்ஜில் 12 மணி நேரம் வரை என்பது கணக்கு. ஆனால் பழைய கருவியோடு பழைய பேட்டரியும் வரும். முழு சார்ஜ் செய்து, மாடலிங்கில் இரண்டு மணி நேரமாவது ஓடவிட்டுப் பாருங்கள். மாற்று பேட்டரி இப்போது கிடைக்கிறதா என்பதையும் முதலிலேயே விசாரியுங்கள். வீட்டுக்கு வந்தபின் கேபிளை ஜாக்கில் செருகியபடியே விட்டுவிட்டால் காலையில் பேட்டரி காலி.

நெட்வொர்க் கேபிள் போலத் தோன்றும் அந்த டிஜிட்டல் போர்ட்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே பின் வளைந்திருந்தால் ஃபர்ம்வேர் ஏற்றவும் முடியாது, மென்பொருளும் கிட்டாரைக் கண்டுகொள்ளாது. கம்ப்யூட்டரோடு இணைக்க அதற்கென உள்ள யுஎஸ்பி பெட்டி வேண்டும். கம்ப்யூட்டரின் நெட்வொர்க் போர்ட்டில் நேரடியாக ஒருபோதும் செருகாதீர்கள். அந்த வழியில் மின்சாரமும் போகிறது.

ரோலண்ட், பாஸ் (BOSS) நிறுவனங்களின் பக்கம் போகிறவர்களுக்குப் பொறி வேறு. அங்கே பெரும்பாலும் கிட்டார் ஆறு சிக்னலைத் தருவதோடு சரி, மாடலிங் முழுவதும் தரையில் வைக்கும் யூனிட்டில்தான் நடக்கிறது. காடின் எல்ஜிஎக்ஸ்டி போன்ற 13-பின் கிட்டார் (ஆறு சிக்னலையும் 13 பின் உள்ள ஒரே கேபிளில் அனுப்புவது) அருமையான கருவிதான். ஆனால் ஒரு சாதாரண கிட்டாரில் ஆறு சிக்னல் தரும் ஜிகே-3 பிக்கப்பை ஒட்டினாலும் அதே யூனிட்டின் அதே மாடல்கள் கிடைக்கும். ட்ராக்கிங்கும் (மீட்டலை யூனிட் பின்தொடர்வது) தொடுகையும் மாறும், மாடல் மாறாது. இதைவிடக் கவனிக்க வேண்டியது இணைப்பு வகை. 2023-இல் பாஸ் கொண்டுவந்த சீரியல் ஜிகே-5 பிக்கப், பழைய 13-பின் யூனிட்டோடு நேரடியாகச் சேராது. நடுவில் கன்வெர்ட்டர் வேண்டும். பாஸின் எஸ்ஒய்-1000 யூனிட் எடுப்பது 13-பின். "எல்லாம் ஒண்ணுதான், செருகினா வேலை செய்யும்" என்று யாராவது சொன்னால், கன்வெர்ட்டரின் விலையையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

பணம் கட்டும்போது பில்லில் இவை எழுத்தில் இருக்கட்டும்: முழு மாடல் எண், சீரியல் எண், தயாரான நாடு, பேட்டரியும் யுஎஸ்பி பெட்டியும் உடன் உண்டா என்பது, ஆறு சேடிலும் மாடலிங்கில் சமமாக ஒலித்ததைச் சோதித்த தேதி. "மாடலிங் எலக்ட்ரானிக்ஸில் இது மலிவுப் பதிப்பிலிருந்து எப்படி வேறுபடுகிறது" என்பதையும் ஒரு வரியில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் அளந்தவர் பேனாவைத் தொடத் தயங்கினால், அந்தக் கிட்டாரை ஸ்டாண்டிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.