டிராலிக்கு வாடகை கொடுத்தேன், மதிப்பெண் ஆட்களுக்கு

புதுச்சேரியில் படப்பிடிப்பு என்றால் கேமராவைத் தாங்க, நகர்த்த உதவும் கிரிப் சாமான்களைச் சென்னையிலிருந்து ஏற்றி வருவதுதான் பலருக்கும் வழக்கம். வேன், பேட்டா, தங்கும் அறை என்று சிறிய விளம்பரப் படத்தின் பணம் அதிலேயே கரைந்துவிடும். அதனால் இம்முறை உள்ளூரிலேயே டிராலி (கேமராவை ஏற்றித் தள்ளும் வண்டி), டிராக் (அது ஓடும் தண்டவாளம்), ஸ்டாண்டு வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்தைப் பிடித்தோம். குறையும் சொல்லப்போகிறேன், ஆகவே பெயர் வேண்டாம். புடவைக் கடை விளம்பரம், ஒளிப்பதிவு நான். ஒரு பகுதி துமாஸ் வீதியில், மறுபகுதி கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில்.

சாமான்கள் சுமார்தான். உப்புக்காற்று டிராக்கைத் தின்றிருந்தது. இணைப்பு ஒன்றில் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் கேமரா லேசாகத் துள்ளியது. உப்புத்தாளால் தேய்த்து, முகப்பவுடர் தூவி ஓட்டினார்கள். கிறீச்சிடும் சத்தம் அடங்கியது, துள்ளல் முழுதாகப் போகவில்லை. வசனத்தை நேரடியாகப் பதிவு செய்யும் படம் என்றால் இந்த டிராக்கை எடுக்காதீர்கள்.

ஆட்கள் விஷயம் வேறு. மணலில் டிராக் போடுவதைப் பார்த்தாலே ஒரு குழுவின் தரம் தெரிந்துவிடும். இவர்கள் முதலில் பிளைவுட் பலகைகளைப் பரப்பினார்கள். மேலே டிராக், அடியில் மர ஆப்புகள், நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் ரசமட்டம். கடைசியில் குழுத் தலைவர் வெறும் டிராலியை நடுவில் நிறுத்திக் கையை எடுத்தார். அது தானாக ஒரு விரற்கடை நகர்ந்தது. ஒன்றும் சொல்லாமல் மறுபடி ஆப்பைத் தட்ட உட்கார்ந்துவிட்டார். மணல் அமுங்கும் என்பதால் இரண்டு மூன்று டேக்குக்கு ஒருமுறை மட்டம் பார்த்தார்கள். யாரும் கேட்கவில்லை, அவர்களாகவே செய்தார்கள். டிராலி தள்ளிய இளைஞர் கேமராவைப் பார்க்கவே இல்லை. நடிகையின் பாதங்களைப் பார்த்துத் தள்ளினார். நடிகை நின்றபோது டிராலியும் குலுங்காமல் நின்றது.

வெயிலை மென்மையாக்க 12 அடிக்கு 12 அடிச் சட்டத்தில் வெள்ளைத் துணி கட்ட வேண்டும் என்று கேட்டேன். தலைவர் தலையாட்டவில்லை. "மேடம், இந்தக் காற்றில் அதை நிமிர்த்தினால் பாய்மரம்தான். ஆறடிக்கு மேல் நான் கட்ட மாட்டேன்" என்றார். தயாரிப்பு நிர்வாகி முகம் சுளித்தார். கடற்காற்று பகல் ஏற ஏற வலுக்கும் என்பது அவருக்கும் தெரியும், ஆனால் காசு கொடுத்த சட்டம் சும்மா கிடக்கிறதே! ஆறடிச் சட்டத்தை நான்கு மூலையிலும் கயிறு போட்டு இழுத்துக் கட்டி, அகலக் காட்சியை மறுநாள் காலைக்கு மாற்றினோம். முடியாது என்று சொல்லும் துணிவுக்கும் சேர்த்துத்தான் கிரிப் ஆட்களுக்குச் சம்பளம் என்பது என் கட்சி.

அமெரிக்காவில் இந்தத் துணி, கட்டர் (வெளிச்சத்தை மறைக்கும் தடுப்பு) வேலையெல்லாம் கிரிப் ஆட்களுடையது. பிரிட்டனில் கிரிப் என்றால் கேமராவைத் தாங்கும், நகர்த்தும் சாமான்கள் மட்டும். நம் ஊரில் பெரும்பாலும் லைட்மேன்கள் கட்டர் பிடிப்பார்கள். இவர்கள் இரண்டையும் பார்க்கிறார்கள், ஒழுங்காகவும் பார்க்கிறார்கள். துணி, கட்டர் மாட்டும் மூன்றுகால் சி-ஸ்டாண்டின் உயரமான கால் பாரம் தொங்கும் பக்கமே இருந்தது, அதன்மேல் மணல் மூட்டை. பாரம் இழுத்தால் திருகு இறுகும்படி ஸ்டாண்டின் குறுக்குக் கம்பியை வைத்திருந்தார்கள். பெரிய படங்களிலேயே இதைக் கவனிக்காதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மணல் மூட்டைகள்தான் போதவில்லை. கடற்கரையில் காலிச் சாக்கில் அள்ளிக்கொண்டார்கள்; துமாஸ் வீதியில் மணலுக்கு எங்கே போவது? பழைய வீட்டின் ஜன்னல் கம்பியில் கயிறு கட்ட வீட்டுக்காரர் விடவில்லை, அது நியாயம்தான். கடைசியில் தண்ணீர் கேன்களைத் தொங்கவிட்டுச் சமாளித்தோம்.

பில்லில்தான் எனக்குக் கோபம். வண்டி கொட்டகையை விட்டுக் கிளம்பிய நேரத்திலிருந்தே கணக்குப் போட்டு, கூடுதல் நேரத்துக்கு ஒரு தொகை சேர்த்திருந்தார்கள். அது ஆட்கள் கைக்குப் போகிறதா என்று முதலாளியிடம் கேட்டேன், பேச்சை மாற்றினார். இரும்பு டிராக்கை ரப்பர் செருப்போடு தூக்குகிறார்கள். கையுறை தலைவரிடம் மட்டும்தான் இருந்தது.

டிராலிக்கு ஐந்தில் இரண்டரை, ஆட்களுக்கு ஐந்துக்கு ஐந்து. பெரிய கிரேன் வேண்டுபவர்கள் சென்னையையே நம்புங்கள். மற்றவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் நேரக் கணக்கை எழுதி வாங்குங்கள், அந்தத் தலைவர் வருகிறாரா என்றும் கேளுங்கள். அவர் வேறு படத்துக்குப் போயிருந்தால் தேதியை மாற்றிக்கொள்வது உத்தமம்.