கப்பேசிய வம்சாவளிச் சுவர்ப்படம்: மகள்கள் எங்கே?

நந்தனம் புத்தகக் காட்சியில் கிடைக்கும் இந்தப் படம், 987இல் முடிசூடிய ஊக் கப்பே முதல் 1328 வரையிலான பிரெஞ்சு அரசர்களைத் தலைமுறை வாரியாகக் காட்டுகிறது. எழுத்து தெளிவு. தாள் மெல்லியது; சென்னை ஈரப்பதத்துக்கு லேமினேஷன் கட்டாயம்.

பெரிய குறை, மகள்களை அடியோடு விட்டுவிட்டார்கள். நான்காம் பிலிப்பின் மகள் இசபெல் இல்லாமல், அவர் மகனான இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்ட் பிரெஞ்சு அரியணைக்கு உரிமை கோரியது எப்படிப் புரியும்? இங்கிலாந்து-பிரான்ஸ் நூறாண்டுப் போரின் வேரே அங்குதானே இருக்கிறது! தந்தை பத்தாம் லூயி இறந்த பின் 1316இல் பிறந்து ஐந்தே நாள் வாழ்ந்த முதலாம் ழானையும் காணோம். அந்தக் குழந்தை போனதும், லூயியின் மகளைத் தள்ளிவிட்டுத்தான் சித்தப்பா ஐந்தாம் பிலிப் அரசரானார்.

அக்விதேன் சீமாட்டி எலியனோரின் இரு திருமணங்களையும் (1137இல் பிரான்சின் ஏழாம் லூயியுடன், 1152இல் பின்னர் இங்கிலாந்து அரசரான இரண்டாம் ஹென்றியுடன்) தனித்தனிக் கோட்டில் காட்டியிருப்பது அருமை.

வாங்கினால், அண்ணன்மார் மூவருக்கு (பத்தாம் லூயி, ஐந்தாம் பிலிப், நான்காம் சார்ல்ஸ்) பக்கத்தில் இசபெல்லைப் பென்சிலால் எழுதிவிட்டு லேமினேஷனுக்குக் கொடுங்கள்.