கடலோரத்தில் கல்யாணம் பேசுகிறீர்களா? மழைக்கு எந்த ஹால் என்று எழுதி வாங்குங்கள்

பினாங்கில் கடலோரமாகத் திருமணம் வைக்க இடம் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள், முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். மழை வந்தால் மணவறை எந்தக் கூரைக்குக் கீழே போகும், அந்தக் கூரை யாருக்குச் சொந்தம், முகூர்த்த நாளன்று அது உங்கள் பெயரில் ஒதுக்கப்பட்டிருக்கிறதா? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் கிடைக்காமல் ஒரு வெள்ளிகூட (ரிங்கிட்) கொடுக்காதீர்கள். எங்களுக்கு வாயால் பதில் சொன்னார்கள். அதனால் என் தங்கை தாழ்வாரத்தில் தாலி கட்டிக்கொண்டாள்.

ஆவணி மாதத் திருமணம். தீவின் வடகரையில் ஒரு ஹோட்டல், கடலைப் பார்த்தபடி அதன் புல்வெளி. ஏற்பாடு முழுவதையும் ஒரு கல்யாண ஏற்பாட்டு நிறுவனம் எடுத்துச் செய்தது. இடம் காட்ட எங்களைச் சாயங்காலம் அழைத்துப் போனார்கள். கல் சுவர் வரைக்கும் தண்ணீர் நிறைந்திருந்தது, அம்மாவுக்கு உடனே பிடித்துவிட்டது. அப்பாதான் மழையைப் பற்றிக் கேட்டார். "அதுக்குத்தான் அங்கிள் பக்கத்துலயே ஹால் இருக்கு, அரை மணி நேரத்துல மாத்திடுவோம்" என்றார் அந்த நிறுவனத்து ஆள். சொன்னதோடு நிற்கவில்லை. ஹால் கதவைத் திறந்து, விளக்கெல்லாம் போட்டு, மணவறை எங்கே வரும், நாதஸ்வரக்காரர்கள் எங்கே உட்காருவார்கள் என்று நடந்து நடந்து காட்டினார்.

ஒப்பந்தத்தில் இருந்தது வேறு. "மோசமான வானிலையில், காலியாக இருந்தால், மாற்று இடம் தரப்படும்" என்று ஒரே வரி. இதைப் பற்றி நான் வாட்ஸ்அப்பில் கேட்டபோது, "அது சும்மா எல்லா அக்ரிமெண்டுலயும் போடுறதுண்ணே, ஹால் உங்களுக்குத்தான்" என்று பதில் வந்தது. அந்தப் பதிலை நான் அழிக்காமல் வைத்திருந்தேன். பின்னால் அதுதான் உதவியது.

வட மலேசியாவில் இருப்பவர்களுக்குச் சுமத்ரா காற்று தெரிந்திருக்கும். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரைக்கும், மலாக்கா நீரிணையின் மேல் இரவில் திரளும் இடிமேகங்கள் வரிசை கட்டிக்கொண்டு விடியலிலோ காலையிலோ கரைக்கு வந்து சேரும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை காற்று வீசும், ஒன்றிரண்டு மணி நேரம் கொட்டித் தீர்க்கும். நம் முகூர்த்தம் பெரும்பாலும் காலை நேரம்தான். வைகாசி, ஆனி, ஆவணி எல்லாமே இந்தக் காலத்துக்குள் வருகிற கல்யாண மாதங்கள். கடலோரத்தில் இடம் விற்றே பிழைக்கிற ஒரு நிறுவனத்துக்கு இது தெரியாமல் இருக்காது. கேனோப்பி, அதாவது துணிப் பந்தல், இருக்கிறதே என்று சொல்வார்கள். நேர் மழைக்குக் கேனோப்பி தாங்கும். கடலிலிருந்து பக்கவாட்டில் அடிக்கும் மழைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

முகூர்த்த நாள் விடியற்காலையில் அந்தக் காற்றுதான் வந்தது. வாழைமரம் கட்டிய கம்பம் சாய்ந்தது, மணவறையின் பின்திரை கிழிந்து கடல் பக்கமாகப் பறந்தது. பரவாயில்லை, ஹாலுக்கு மாற்றுங்கள் என்றோம். ஹால் வாசலில் ஏதோ ஒரு கம்பெனியின் கருத்தரங்குப் பலகை நின்றது. உள்ளே நாற்காலி வரிசையாகப் போட்டு, மேசை மேல் தண்ணீர் போத்தலும் வைத்துவிட்டார்கள். ஹோட்டல் மேலாளரிடம் ஓடினேன். அவர் மரியாதையாகவே பேசினார்: "சார், எங்களிடம் உங்கள் ஏற்பாட்டாளர் வாடகைக்கு எடுத்தது புல்வெளி மட்டும்தான். ஹால் வேண்டும் என்று அவர்கள் கேட்கவே இல்லை." கருத்தரங்குக்காரர்கள் அந்த ஹாலைப் பல வாரங்களுக்கு முன்பே எடுத்துவிட்டார்களாம். எங்களுக்கு விளக்குப் போட்டுக் காட்டிய ஆள் அப்போது போனை எடுக்கவில்லை.

அப்புறம் கிடைத்தது, காலை உணவுக்கு ஆட்கள் போய் வரும் தாழ்வாரம். அங்கேயும் ஒரு சிக்கல். கூரையில் தீயணைப்புத் தெளிப்பான் இருக்கிறது, ஓமம் வளர்க்கக் கூடாது என்றார்கள். குருக்கள் நல்ல மனிதர். ஓமகுண்டத்தைத் தாழ்வாரத்தின் திறந்த ஓரத்துக்குத் தள்ளி வைக்கச் சொன்னார். சாரல் அங்கே தெறித்தது. என் மாமாக்கள் இரண்டு பேர் பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, அக்கினி அணையாமல் பெரிய குடைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தங்கை அழுதாள். வந்த கூட்டத்தில் பாதிப் பேர் லாபியிலேயே நின்றுவிட்டார்கள், தாலி கட்டியதை அவர்கள் பார்க்கவே இல்லை.

மழை விட்டபின் படம் எடுக்கலாம் என்று வெளியே போனால், கடலையும் காணோம். சுவருக்கு அப்பால் நெடுந்தூரம் சேறு, நாற்றம் வேறு. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் பக்கத்து நாட்களில் கடல் மிக அதிகமாக ஏறி, மிக அதிகமாக வற்றும். வளர்பிறையின் கடைசி நாட்களில் முகூர்த்தம் குறித்தால் இதற்குள் வந்து விழும். ஏற்ற இறக்க நேரமும் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிக்கொண்டே போகும். ஆகவே ஒரு சாயங்காலம் போய்ப் பார்த்ததை வைத்து முகூர்த்தக் காலையில் கடல் எப்படி இருக்கும் என்று சொல்லவே முடியாது. தேதி கையில் இருக்கும்போது இதைத் தெரிந்துகொள்வது சுலபம்: நில அளவை, வரைபடத் துறையான ஜூபெம் ஆண்டுதோறும் ஏற்ற இறக்க அட்டவணை வெளியிடுகிறது. இடம் காட்டுகிறவரிடம், முகூர்த்த நேரத்துக்குத் தண்ணீர் எவ்வளவு இருக்கும் என்று அந்த அட்டவணையை வைத்துக் கேளுங்கள்.

இத்தனைக்கும் பிறகு அந்த ஏற்பாட்டு நிறுவனத்திடமிருந்து பில் வந்தது. மணவறையைத் தாழ்வாரத்துக்கு மாற்றிய கூலி என்று 2,800 வெள்ளி! தரையில் குங்குமக் கறை என்று சொல்லி 5,000 வெள்ளி காப்புப் பணத்தையும் பிடித்துக்கொண்டார்கள். அந்தத் தரையை மறுநாள் நானே போய்ப் படம் எடுத்து வந்தேன், துடைத்து வைத்த மாதிரி இருந்தது. சாப்பாட்டு விலையையும் சொல்லிவிடுகிறேன். தலைக்கு 95 வெள்ளி, பிளஸ் பிளஸ் என்றால், மேலே 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 6 விழுக்காடு சேவை வரியும் ஏறி, 110 ஆகிவிடும். பட்ஜெட் போடும்போதே இதைச் சேர்த்துப் போடுங்கள்.

ஏற்பாட்டாளர் வழியாகப் போவது தப்பில்லை. ஆனால் அவருக்கும் ஹோட்டலுக்கும் என்ன ஒப்பந்தம் என்பதை உங்கள் கண்ணால் பாருங்கள். அந்தத் தேதிக்கு, இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை, இன்ன பெயருள்ள ஹால் உங்கள் நிகழ்ச்சிக்கு என்று ஹோட்டல் தன் கடிதத்தாளில் எழுதித் தர வேண்டும். ஹாலுக்குத் தனி வாடகை கேட்டால் கொடுத்துவிடுங்கள், அந்தக் காசு வீண் இல்லை. உள்ளே ஓமம் வளர்க்க அனுமதி உண்டா என்பதும் அதே கடிதத்தில் வர வேண்டும். இன்னொன்று: ஒப்பந்தத்தில் உள்ள பெயர், ரசீதில் உள்ள பெயர், நீங்கள் பணம் போடும் வங்கிக் கணக்கின் பெயர், எஸ்.எஸ்.எம். என்கிற மலேசிய நிறுவன ஆணையத்தின் பதிவில் உள்ள பெயர், நான்கும் ஒன்றாக இருக்க வேண்டும். புகார் கொடுக்கும்போது யார் மேல் கொடுப்பது என்ற குழப்பம் அப்போது வராது.

நாங்கள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போனோம், மலாயில் திரிபியூனல் துந்துத்தான் பெங்குனா என்பார்கள். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். 50,000 வெள்ளி வரை கோரலாம், இணையத்திலேயே மனுப் போடலாம், வழக்கறிஞர் தேவையில்லை. எதிர்த்தரப்பும் வழக்கறிஞரைக் கொண்டுவர முடியாது. அந்த வாட்ஸ்அப் பதிலையும், தரைப் படத்தையும், பில்லையும் வரிசையாக அடுக்கிக் கொடுத்தேன். காப்புப் பணத்தையும் மாற்றுக் கூலியையும் திருப்பித் தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது. 14 நாளுக்குள் தீர்ப்பை நிறைவேற்றாவிட்டால் அது குற்றம், 10,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். பணம் கெடுவுக்குள் வந்து சேர்ந்தது. தங்கையின் முகூர்த்தத்துக்கு யார் என்ன ஈடு தர முடியும்? அந்தக் கோபம் எங்கள் வீட்டில் இன்னும் தீரவில்லை.

இதே மாதிரி ஏமாந்து, போனது போகட்டும் என்று விட்டுவிட்டவர்கள் இருந்தால், சம்பவம் நடந்து மூன்று ஆண்டு ஆகாதவரை மனுப் போடலாம். மனுவை எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் எனக்கு எழுதுங்கள், எங்கள் மனுவின் நகலை அனுப்பி வைக்கிறேன்.