பிசிஎம்43142 வைஃபை கார்டு லினக்ஸில்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

2013 முதல் 2015 வரை விற்ற குறைந்த விலை மடிக்கணினிகள் பலவற்றில் பிராட்காமின் பிசிஎம்43142 வைஃபை கார்டு இருக்கிறது. அந்த மெஷின்களில் உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ போட்டால் திரை, ஒலி, டச்பேட் எல்லாம் வேலை செய்யும், வைஃபை மட்டும் வராது. கார்டு பழுது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இதற்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் இல்லை, அவ்வளவுதான். அதை முதல் தடவை ஏற்றுவது சுலபம். வருடக்கணக்கில் ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டையும் தாண்டி அதைக் காப்பாற்றி வருவதுதான் இந்த கார்டோடு வரும் உண்மையான வேலை.

முதலில் கார்டு எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். டெர்மினலில் எல்எஸ்பிசிஐ கட்டளையை -என்என்கே என்ற தெரிவோடு ஓட்டினால், நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற வரியின் முடிவில் 14இ4:4365 என்று தெரிய வேண்டும். இந்த எண்ணைப் பார்க்காமல் 'பிராட்காம்' என்ற பெயரை மட்டும் நம்பி இறங்குவதால்தான் பாதி நேரம் வீணாகிறது. 14இ4:4315 என்று இருந்தால் அது பிசிஎம்4312. அதற்கு பி43 டிரைவரும் அதற்கான ஃபர்ம்வேரும் (கார்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) போதும். 14இ4:4727 என்றால் பிசிஎம்4313; கெர்னலிலேயே இருக்கும் டிரைவர் அதை ஓட்டும். 43142-க்கு இந்த இரண்டுமே உதவாது. பிராட்காமின் மூடிய (மூல நிரல் வெளியிடப்படாத) டிரைவரான 'டபிள்யூஎல்' ஒன்றே வழி.

இணையம் இல்லாமல் டிரைவரை எப்படி இறக்குவது? ஆண்ட்ராய்டு ஃபோனைக் கேபிளில் மாட்டி, ஃபோன் அமைப்பில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் வேண்டாம். பெரும்பாலான ஃபோன்களில் வைஃபை ஆன் ஆகி இருந்தால் வீட்டு இணையமே கேபிள் வழியாக வந்துவிடும், மொபைல் டேட்டா செலவாகாது. டெதரிங் தெரிவு மங்கலாகவே இருந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் இது நடக்காது.

உபுண்டுவில் முதலில் பேக்கேஜ் பட்டியலைப் புதுப்பித்து, 'அடிஷனல் டிரைவர்ஸ்' சாளரத்தைத் திறந்து பிராட்காம் வரியைத் தேர்ந்தெடுத்தால் போதும். அது நிறுவுவது பிசிஎம்டபிள்யூஎல்-கெர்னல்-சோர்ஸ் என்ற பேக்கேஜ். மின்ட்டில் 'டிரைவர் மேனேஜர்' இதையே செய்யும். டெபியனில் ஒரு நுணுக்கம் உண்டு. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல், இலவசமற்ற ஃபர்ம்வேர்களும் இன்ஸ்டாலரிலேயே வருகின்றன. அதனால் இன்டெல், ரியல்டெக் கார்டுகள் பல தாமாகவே எழுந்துவிடும். டபிள்யூஎல் ஃபர்ம்வேர் அல்ல, டிரைவர். அது இன்னமும் நான்-ஃப்ரீ என்ற தனிப் பிரிவில்தான் இருக்கிறது. எனவே சோர்ஸ் பட்டியலில் கான்ட்ரிப், நான்-ஃப்ரீ இரண்டையும் கையால் சேர்த்து, பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ் பேக்கேஜையும் கெர்னல் ஹெடர்களையும் (டிரைவரைக் கெர்னலுக்கு ஏற்பக் கட்டத் தேவையான கோப்புகள்) நிறுவ வேண்டும். ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃபியூஷன் என்ற வெளிக் களஞ்சியத்தில் இருந்து ஏக்மாட்-டபிள்யூஎல் பேக்கேஜை நிறுவ வேண்டும்.

நிறுவியும் வைஃபை வரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் மெஷினின் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பு. அது ஆன் ஆகி இருக்கும்போது, கையொப்பம் ஏற்கப்படாத டிரைவரைக் கெர்னல் உள்ளே விடாது. அதனால் நிறுவும்போதே உபுண்டு ஒரு பாஸ்வேர்ட் கேட்கும், குறைந்தது 8 எழுத்து. அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரை ஒன்று வரும். அதில் 'என்ரோல் மோக்' (மோக் என்பது டிரைவரின் கையொப்பத்தை ஏற்கவைக்கும் சாவி), 'கன்டின்யூ', 'யெஸ்' என்று போய் அதே பாஸ்வேர்டைத் தர வேண்டும். அந்தத் திரை சில நொடிகளே காத்திருக்கும். யாரும் எதையும் அழுத்தாவிட்டால் சாதாரணமாக பூட் ஆகிவிடும், டிரைவர் மட்டும் ஏறாது. 'சாவி நிராகரிக்கப்பட்டது' என்ற பொருளில் பிழைச்செய்தி வந்தால் இதுதான் நடந்திருக்கிறது. மோக்யுட்டில் கட்டளையில் இம்போர்ட் தெரிவைக் கொடுத்து, வார் கோப்புறைக்குள் ஷிம்-சைன்ட் இருக்கும் இடத்தில் உள்ள மோக் கோப்பைக் காட்டி, மறுபடி ரீஸ்டார்ட் செய்யலாம். பாஸ்வேர்டைச் சிறிய எழுத்துகளிலும் எண்களிலும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் திரை அமெரிக்க விசைப்பலகை அமைப்பையே அறியும். குறியீடுகள் இடம் மாறிப் போகும்.

மற்றொரு காரணம், யாரோ சொன்னதைக் கேட்டு முன்பே ஏற்றிய பி43. அதுவும் பிசிஎம்ஏ, எஸ்எஸ்பி மாட்யூல்களும் (கெர்னலில் ஏற்றி இறக்கக்கூடிய டிரைவர் துண்டுகள்) கார்டை முதலில் பிடித்துக்கொண்டால் டபிள்யூஎல்-க்கு இடமில்லை. மாட்ப்ரோப் கட்டளையால் அவற்றை இறக்கிவிட்டு டபிள்யூஎல்-ஐ ஏற்றிப் பாருங்கள். வந்துவிட்டால் பி43-க்கான ஃபர்ம்வேர் பேக்கேஜை நீக்கிவிடுங்கள். கெர்னலின் லாக் பதிவில் 'கெர்னல் டெய்ன்ட் ஆனது' என்று வரும் வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மூடிய டிரைவர் ஏறியிருக்கிறது என்ற அறிவிப்பு மட்டுமே அது.

இனி நீண்ட காலக் கதை. பிராட்காம் இந்த டிரைவரின் கடைசிப் பதிப்பை, 6.30.223.271-ஐ, வெளியிட்டது 2015-இல். அதன் பிறகு கெர்னல் எத்தனையோ தடவை உள்ளுக்குள் மாறிவிட்டது. டெபியன், உபுண்டு பராமரிப்பாளர்கள் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டுத்தான் (பேட்ச் எனும் சிறு திருத்தங்கள்) இதை உயிரோடு வைத்திருக்கிறார்கள். அந்த உழைப்புக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஆனாலும் புதிய கெர்னல் முந்தி வந்து ஒட்டு பிந்தி வரும் இடைவெளியில் வைஃபை காணாமல் போகும். டிகேஎம்எஸ் என்ற கருவி ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் டிரைவரை மறுபடி கட்டுகிறது (கம்பைல் செய்கிறது). கட்ட முடியாவிட்டால் அப்டேட்டே பிழையோடு பாதியில் நிற்கும். காரணம், டிகேஎம்எஸ் கட்டும்போது உருவாகும் மேக்.லாக் கோப்பில் இருக்கும்.

ஆகவே மூன்று பழக்கங்கள். கெர்னல் ஹெடர்களைக் குறிப்பிட்ட எண்ணோடு நிறுவாமல், லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக் என்ற பொதுப் பேக்கேஜாக வைத்திருங்கள்; இல்லாவிட்டால் அடுத்த கெர்னல் ஹெடர் இல்லாமல் வந்து நிற்கும். புதிய கெர்னலில் வைஃபை வேலை செய்வதைப் பார்க்கும் வரை, பழைய பேக்கேஜ்களை நீக்கும் ஆட்டோரிமூவ் கட்டளையை ஓட்டாதீர்கள். பழைய கெர்னல் இருந்தால், பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவின் 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்' வழியாக அதில் ஏறி வேலையைத் தொடரலாம். உபுண்டு எல்டிஎஸ்-இல் (நீண்ட கால ஆதரவுப் பதிப்பு) புதிய வன்பொருளுக்காக அடிக்கடி மாறும் எச்டபிள்யூஇ கெர்னலை விட்டு, அந்த வெளியீட்டோடு வந்த ஆரம்பக் கெர்னல் வரிசையிலேயே தங்கிவிடுங்கள். இவ்வளவு பழைய மெஷினுக்குப் புதிய கெர்னலால் பெரிய லாபம் எதுவும் இல்லை.

தினசரிப் பயன்பாட்டில் கார்டு தன் வரம்புக்குள் ஒழுங்காகவே ஓடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான், ஒரே ஆன்டெனா. 20 மெகாஹெர்ட்ஸ் சேனலில் இணைப்பு வேகம் அதிகபட்சம் 72 எம்பிபிஎஸ், கைக்குக் கிடைப்பது அதைவிடக் கணிசமாகக் குறைவு. 100 எம்பிபிஎஸ் பிராட்பேண்ட் போட்டும் வேகம் வரவில்லை என்றால் டிரைவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் ஆன் ஆகி இருந்தால் பெயரே தெரியாது. டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தாலும் சேராது, டபிள்யூபிஏ2 வேண்டும். தூங்கி எழுந்தபின் இணைப்பு வராவிட்டால் டபிள்யூஎல் மாட்யூலை இறக்கி ஏற்றினால் போதும், ரீஸ்டார்ட் தேவையில்லை. இதே கார்டில் உள்ள புளூடூத்துக்கு வேறு ஃபர்ம்வேர் கோப்பு வேண்டும். வைஃபை வந்ததாலேயே அதுவும் வந்துவிடாது.

இந்தப் பராமரிப்பு வேண்டாம் என்பவர்கள் கார்டையே மாற்றலாம். அந்தக் காலத்து இன்டெல் 7260-இன் டூயல் பேண்ட் வகை நல்ல தேர்வு. டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது, 5 கிகாஹெர்ட்ஸும் கிடைக்கும். அது மினி பிசிஐஇ, எம்.2 என்று இரண்டு வடிவிலும் வந்தது. ஆன்டெனா முனையின் அளவும் இரண்டில் வேறு. அதனால் மூடியைத் திறந்து ஸ்லாட்டைப் பார்த்த பிறகே வாங்குங்கள். சில மடிக்கணினிகளின் பயாஸ் தன் பட்டியலில் இல்லாத கார்டைக் கண்டால் பூட் ஆகவே மறுக்கும். உங்கள் மாடல் அப்படியா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். 43142 இருந்த மெஷினில் ஆன்டெனா கம்பி ஒன்றே இருக்கலாம். அதைப் புதிய கார்டின் முதல் முனையில் மாட்டினால் வேகம் குறைந்தாலும் வேலை நடக்கும்.