‘வாட்டர்ப்ரூஃப் வாஷ்’ பலகையை நம்பி ரைடிங் ஜாக்கெட்டைக் கொடுத்துவிடாதீர்கள்

ஐப்பசி மழைக்கு முன்னால் பைக் ரைடிங் ஜாக்கெட், பேன்ட்டைத் துவைக்கப் போட நினைப்பவர்களுக்காக இந்தப் பதிவு. கடைப்பெயர் வேண்டாம், இதே வேலையைச் செய்கிற கடைகள் ஊருக்கு நாலு இருக்கின்றன.

‘ரைடிங் கியர் ஸ்பெஷல் வாஷ், வாட்டர்ப்ரூஃப் கோட்டிங்குடன்’ என்று பலகை. ஜாக்கெட்டுக்கு 900 ரூபாய், பேன்ட்டுக்கு 600. ஐந்தாம் நாள் பாலிதீன் உறை போட்டு, கத்தி மாதிரி இஸ்திரி மடிப்போடு வந்தது. ரைடிங் பேன்ட்டில் இஸ்திரி மடிப்பைப் பார்த்த உடனேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கொடுக்கும்வரை சொட்டு நுழையாத பேன்ட், முதல் மழையில் அரை மணி நேரத்திலேயே சீட்டில் உட்காரும் இடத்தில் நனைந்துவிட்டது.

காரணம் தேட அதிக நேரம் ஆகவில்லை. பேன்ட்டுக்குள் மழைநீரைத் தடுக்கக் கழற்றி மாட்டும் ரெயின் லைனரை உட்புறம் வெளியே வரும்படி திருப்பினால், தையல்கள்மேல் சுமார் 2 செ.மீ. அகலத்தில் டேப் ஒட்டியிருக்கும். ஊசி போட்ட துளை ஒவ்வொன்றையும் அடைப்பது அதுதான். லைனர் துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், டேப் போனால் தையல் சல்லடைதான். இந்த லைனரில் கவட்டுத் தையல் நெடுக டேப்பின் ஓரங்கள் சுருண்டு எழும்பியிருந்தன. டேப் ஒட்டியிருப்பது சூட்டில் உருகும் பசையால். ட்ரை கிளீனிங் திரவம் அந்தப் பசையை இளக்கும், ஸ்டீம் அயர்ன் மிச்சத்தையும் கிளப்பிவிடும். இரண்டுமே நடந்திருக்கின்றன: பாக்கெட்டுக்குள் மூக்கை வைத்தால் பெட்ரோல் வாஷ் (ட்ரை கிளீனிங்) வாடை, முழங்கால் பக்கம் துணி பளபளவென்று கருகல் மினுமினுப்பு.

இத்தனைக்கும் லேபிளில் வட்டத்தின்மேல் பெருக்கல் குறி தெளிவாக இருக்கிறது. ட்ரை கிளீனிங் கூடாது என்பதற்கு உலகம் முழுக்க அதுதான் குறி. முக்கோணத்தின்மேல் பெருக்கல் என்றால் ப்ளீச் கூடாது. இஸ்திரிப்பெட்டிக்குள் ஒற்றைப் புள்ளி என்றால் 110 டிகிரிக்கு மேல் சூடு கூடாது. பருத்திச் சட்டைக்கு வைக்கும் சூடு ஏறக்குறைய இதற்கு இரட்டிப்பு.

அடுத்தது ‘கோட்டிங்’. ஜாக்கெட்டின் வெளித்துணியில் தண்ணீர் முத்துமுத்தாக உருண்டது, நாலு நாள். அதற்குப் பிறகு தோள் முழுக்கப் புழுதி அப்பிக்கொண்டது, தொட்டால் பிசுபிசுப்பு. அடித்தது சிலிக்கான் ஸ்ப்ரே மாதிரிதான் தெரிகிறது. வெளித்துணியில் தண்ணீர் ஒட்டாமல் இருக்கப் பூசப்படும் டிடபிள்யூஆர் வேறு, உள்ளே நீரைத் தடுக்கும் மெம்பிரேன் வேறு. முதலாவது தேய்ந்தால் வெளித்துணி நனைந்து கனக்கும், வியர்வை ஆவியாகி வெளியேறாது, உள்ளே சில்லிட்டுப் போகும். பலர் அதையே ஒழுகல் என்று நினைத்துப் புது ஜாக்கெட் வாங்கிவிடுகிறார்கள். உண்மையில் ஒழுகுகிறதா என்று பார்க்க, லைனரின் கவட்டுப் பகுதியைப் பை போலப் பிடித்து அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் அப்படியே வைத்திருங்கள். வெளிப்பக்கம் எந்தத் தையலில் முத்து கட்டுகிறதோ அங்கேதான் ஓட்டை.

இன்னொரு கூத்து, விழுந்தால் அடிபடாமல் காக்க உள்ளே செருகும் ஆர்மரில், முழங்கைக்கானதைத் தோளில் செருகியிருந்தார்கள். ஆர்மரிலேயே எழுத்து உண்டு: தோளுக்கு S, முழங்கைக்கு E, முழங்காலுக்கு K. கடையிலிருந்து வாங்கியதும் இதைப் பாருங்கள். மழை ஒழுகினால் நனைவதோடு போயிற்று, இது அப்படியல்ல.

வீட்டில் துவைப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஆர்மரையெல்லாம் கழற்றி ஈரத்துணியால் துடைத்து நிழலில் வையுங்கள். ஜிப், வெல்க்ரோ எல்லாவற்றையும் மூடிவிடுங்கள். திறந்த வெல்க்ரோ லைனரைப் பிறாண்டிவிடும். காய்ந்த பூச்சிக் கறைமேல் ஈரத்துணியைப் பத்து நிமிடம் போட்டு வைத்தால் ஸ்பாஞ்சிலேயே வரும், பிரஷ் வேண்டாம். பைக் செயினுக்குப் போடும் எண்ணெய்க் கறைக்கு அந்த இடத்தில் மட்டும் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட்.

பெரிய டப்பில் 15 முதல் 20 லிட்டர் தண்ணீர், 30 டிகிரிக்குள். மே மாத மதியத்தில் மொட்டைமாடி டேங்க் தண்ணீர் அதைவிடச் சூடாக வரும், காலையிலேயே பிடித்துவிடுங்கள். நிக்வாக்ஸ் டெக் வாஷ் போன்ற தனி வாஷ் கிடைத்தால் புட்டியில் போட்டிருக்கும் அளவு. இல்லையென்றால் மென்மையான லிக்விட் டிடர்ஜென்ட் 20 மி.லி. போதும். பவுடர் வேண்டாம், கம்ஃபர்ட் வகையறா வேண்டவே வேண்டாம். துணியை மெத்தென்று ஆக்கும் அந்தப் படலம்தான் தண்ணீரையும் இழுக்கும். டெக் வாஷ் சோப்பு வகை என்பதால் போர் உப்புத் தண்ணீரில் திரிந்து வெள்ளைப் படிவு விடும். கடைசி அலசலாவது நல்ல தண்ணீரில் இருக்கட்டும்.

கால் மணி நேரம் ஊறவைத்துக் கையால் அமுக்கி எடுங்கள். நுரை அறவே போகும்வரை அலச வேண்டும், நாலைந்து தண்ணீர் ஆகும். துவைத்தபின் தண்ணீர் உருளவில்லை என்று வரும் புகாரில் பாதி, அலசாமல் விட்ட சோப்புதான். முறுக்கிப் பிழியாதீர்கள். மெஷினில் ஸ்பின் போடாதீர்கள். நீர் புகாத துணி பலூன் போலத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு டிரம்மைத் தூக்கிப்போடும், மெஷினோடு வரும் புத்தகத்திலேயே இந்த எச்சரிக்கை இருக்கும். தடித்த ஹேங்கரில், நிழலில், இரண்டு நாள் உலர விடுங்கள். மழைக்காலமென்றால் ஃபேனுக்குக் கீழே.

காய்ந்ததும் தோளில் தண்ணீர் தெளியுங்கள். உருளாவிட்டால் ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து மிதமாகச் சூடு காட்டுங்கள், பழைய டிடபிள்யூஆர் பெரும்பாலும் உயிர் பெறும். அதற்கும் மசியவில்லை என்றால்தான் அந்தப் பூச்சைப் புதுப்பிக்கும் ரீப்ரூஃபிங் ஸ்ப்ரே. இதிலேயே துவைக்கும் தண்ணீரில் கலக்கும் வகை, வியர்வை இழுக்கும் உள்துணியையும் சேர்த்து நீர் ஒட்டாததாக்கிவிடும் என்பதால் லைனிங் தைத்த ஜாக்கெட்டுக்குச் சரிப்படாது.

கடையில்தான் கொடுத்தாக வேண்டும் என்றால், ‘ட்ரை கிளீனிங் இல்லை, இஸ்திரி இல்லை’ என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். லேபிளையும் லைனர் டேப்பையும் முன்கூட்டியே படம் எடுத்து வையுங்கள். என்ன ஸ்ப்ரே அடிப்பீர்கள், புட்டியைக் காட்டுங்கள் என்று கேட்டுப் பாருங்கள், மழுப்பினால் திரும்பி வந்துவிடலாம். இந்தக் கடை ‘சேதத்துக்குப் பொறுப்பல்ல’ என்று ரசீதின் பின்பக்க அச்சைக் காட்டியது. அது கடைக்காரர் அச்சடித்த வரி, சட்டமல்ல. நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் மனு போட்டால் போதும்.

எழும்பிய டேப்பை ஓரளவு மீட்கலாம்: மேலே பருத்தித் துணி விரித்து, ஒற்றைப் புள்ளி சூட்டில் இஸ்திரிப்பெட்டியை ஐந்து விநாடி அழுத்தி எடுத்து, ஆறும்வரை துணிமேல் கையால் அமுக்கிப் பிடியுங்கள். இந்தப் பேன்ட்டில் இரண்டு இடம் ஒட்டியது. கவட்டுத் தையல் ஒட்டவில்லை.